அதிகன் மண்ணில் புகழ்ச்சோழருக்கு ஒரு விளக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி சிவாலயத்தாருக்கு ஒரு திறந்த மடல்

திருச்சிற்றம்பலம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள சிவாலயங்களின் அறங்காவலர்களுக்கும் செயல் அலுவலர்களுக்கும், நாள்தோறும் பூசை செய்யும் சிவாச்சாரியார்களுக்கும், திருமுறை விண்ணப்பிக்கும் ஓதுவார்களுக்கும், உழவாரப்பணி செய்யும் அடியார் திருக்கூட்டத்தாருக்கும் அடியேனின் வணக்கம்.

ஆடி மாதத்துக் கார்த்திகை நாள் புகழ்ச்சோழ நாயனாரின் குருபூசை நாள். அந்த நாளில் நம் இரண்டு மாவட்டங்களின் சிவாலயங்களிலும் அவருக்கு ஒரு பூசை நடக்க வேண்டும், அவர் திருமுன் ஒரு விளக்காவது எரிய வேண்டும், அவருடைய புராணம் அடியார்கள் கூடியிருக்க ஒருமுறை முழுதாக வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அறுபத்துமூவரில் எல்லோருக்கும் குருபூசை உண்டே, இவருக்கு மட்டும் தனியாக ஒரு மடல் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அவரை நாயனார் ஆக்கிய நிகழ்ச்சியில் நம் மண்ணுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை நாமே மறந்துவிட்டோம் என்பதுதான் என் மனக்குறை.

சென்ற ஆண்டு ஆடிக் கார்த்திகையன்று மாலை நானும் எங்கள் வாசிப்புக் குழுவைச் சேர்ந்த இருவரும் நம் பகுதிச் சிவாலயம் ஒன்றுக்குச் சென்றோம். அன்று ஊர் முழுவதும் முருகன் கோயில்களை நோக்கியே நகர்ந்துகொண்டிருந்தது. காவடிகளும் பால்குடங்களும் மஞ்சள் உடையுமாகத் தெருவெல்லாம் நிறைந்திருந்தது. அது நியாயந்தான், கார்த்திகைப் பெண்கள் பாலூட்டி வளர்த்த பிள்ளைக்கு உரிய நாள் அது. ஆனால் நாங்கள் போன கோயிலில் அறுபத்துமூவர் வரிசை இருக்கும் சுற்று மண்டபம் பூட்டிக் கிடந்தது. கம்பிக் கதவின் இடைவெளி வழியே பார்த்தோம். அடியார்களைச் சுந்தரர் வரிசையாகப் பாடிய திருத்தொண்டத்தொகையின் வரிசைப்படியே நிறுத்தப்பட்ட கற்சிலைகள். நரசிங்க முனையரையருக்கு முன்னால் நிற்க வேண்டியவரைத் தேடினோம். பீடத்தில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய பெயரில் 'புகழ்' என்ற மூன்று எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. மற்றவை எண்ணெய்ப் பிசுக்கோடு உரிந்துபோயிருந்தன. தோளில் எப்போதோ சாத்திய அரளிச் சரம் ஒன்று நாராகக் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. சாவி வைத்திருப்பவர் வேறு கோயில் வேலையாகப் போயிருக்கிறார் என்றும், இவர் பூசைக்கென்று யாரும் பொருள் எழுதி வைத்த கட்டளை எதுவும் இல்லை என்றும் அங்கிருந்தவர் சொன்னார். நாங்கள் கொண்டுபோன நல்லெண்ணெயையும் திரியையும் கொடிமரத்தடியில் வைத்துவிட்டு, கம்பிக் கதவுக்கு வெளியே நின்று தொகையின் அடியை மட்டும் பாடிவிட்டு வந்தோம்.

யாரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. ஒரே அர்ச்சகர் இரண்டு மூன்று கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் நிலையும், வருமானம் இல்லாத கோயில்களில் விளக்கெண்ணெய்க்கே திண்டாடும் நிலையும் எனக்குத் தெரியும். ஆயினும் அன்று வீடு திரும்பும்போது மனம் ஆறவில்லை. பூட்டிய கதவுக்குள் நின்றவர் யார் என்பதை நினைக்க நினைக்க அந்தக் கதவு மற்ற எந்த ஊரில் பூட்டியிருந்தாலும் நம் ஊரில் பூட்டியிருக்கக் கூடாது என்றே தோன்றியது.

பெரியபுராணம் அறிந்த உங்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் இளைஞர்களுக்காகச் சிறிது விரித்துச் சொல்ல அனுமதி கேட்கிறேன். உறையூரிலிருந்து ஆண்ட சோழ மன்னர் அவர். கொங்கு நாட்டு அரசர்களும் குடபுலமாகிய மேற்கு நாட்டு அரசர்களும் செலுத்தும் திறையை வாங்குவதற்காகக் கருவூருக்கு, அதாவது இன்றைய கரூருக்கு, வந்து தங்கி, அங்கே ஆனிலைத் திருக்கோயிலை வழிபட்டு வந்தார். அந்தக் கருவூரில்தான் எறிபத்த நாயனாரின் நிகழ்ச்சி நடந்தது. இறைவனுக்குப் பூக்குடலை சுமந்து வந்த முதியவர் சிவகாமியாண்டாரின் கையிலிருந்து பட்டத்து யானை பூவைப் பறித்துச் சிந்தியது. கண்டு பொறுக்காத எறிபத்தர் மழுவால் யானையையும், பாகர் இருவரையும், குத்துக்கோற்காரர் மூவரையும் வெட்டி வீழ்த்தினார். பகைவர் வேலை என்று எண்ணிப் படையோடு வந்த மன்னர், எதிரே நிற்பவர் அடியார் என்று கண்டதும் குதிரையிலிருந்து இறங்கினார். யானையும் பாகரும் செய்த பிழைக்கு அவர்களைக் கொன்றது போதாது, அவர்களை உடைய என்னையும் கொல்ல வேண்டும் என்று சொல்லித் தம் வாளையே எடுத்து நீட்டினார். அந்த வாளை வாங்கிய எறிபத்தர், இப்படிப்பட்ட அன்பருக்குத் துன்பம் விளைத்தோமே என்று தம் கழுத்தில் வைத்து அரியப் போனார். மன்னர் பாய்ந்து கையைப் பிடித்தார். அப்போது வானில் ஒலி எழுந்தது, யானை எழுந்தது, இறந்தவர் எழுந்தனர், பூக்குடலையும் நிறைந்தது. இன்றைக்கும் கருவூர்க்காரர்கள் புரட்டாசி மாதத்தில் பூக்குடலை விழா எடுத்து இந்த நிகழ்ச்சியைக் கொண்டாடி வருகிறார்கள்.

அதே கருவூரில், அதே மன்னரின் வாழ்வில், இரண்டாவது நிகழ்ச்சி நடந்தது. அதற்குத்தான் விழா இல்லை.

திறை கொண்டுவந்த அரசர்கள் எல்லோரும் வந்து போனார்கள். கொடாதவர் யாராவது உண்டா என்று மன்னர் கேட்டபோது, அதிகன் ஒருவன் மட்டும் கொடாமல் மலையரணில் இருக்கிறான் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். அந்த அரணை அழித்து வருமாறு ஆணை பிறந்தது. சோழப்படை காடுகளைக் கடந்து போய் அரணை முற்றுகையிட்டது. கடும்போர் நடந்து மதில் விழுந்தது. அதிகன் உயிரோடு தப்பி ஓடிவிட்டான். அவனுக்காக நின்று பொருதவர்களின் தலைகளையும், அரணில் இருந்த பொருட்குவைகளையும், யானை குதிரைகளையும் கருவூருக்குக் கொண்டுவந்து மன்னர் முன் காட்டினார்கள். எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்குக் குவிந்த அந்தத் தலைகளுள் ஒன்றில், மயிருக்கு நடுவே, சிவனடியாரின் அடையாளமான ஒரு சிறு சடை இருந்தது. 'கண்ணுற்றதொர் புன்சடை கண்டனரால்' என்கிறார் சேக்கிழார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் வாசிப்பை நிறுத்திவிடுவேன். சேக்கிழார் சொல்லும் செயல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மன்னர் சடையைக் கண்டவுடன் நடுங்கினார்; மனம் கலங்கினார்; கைதொழுதார். பிறகு தாமே எழுந்து, அந்தத் தலையைக் கையில் ஏந்தி நின்ற வீரனுக்கு எதிரே நடந்து போனார். கிட்டப் போய், சடை நன்றாகத் தெரியும்படி பார்த்தார். கண்ணீர் வழிந்தது. தலையைக் கொண்டுவந்த வீரனைச் சேக்கிழார் அந்த இடத்திலும் 'திண்திறலோன்' என்றுதான் சொல்கிறார். அவன்மீது மன்னருடைய வாயிலிருந்து ஒரு சுடுசொல்கூட வரவில்லை. படைத்தலைவனை அழைத்து விசாரிக்கவில்லை, அமைச்சரைக் கடியவில்லை, அடியார் என்று தெரியாமல் நடந்துவிட்டது என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளவில்லை. திருநீற்று நெறியைக் காத்து நான் 'அரசளித்தபடி சால அழகிது' என்று தம்மையே நொந்துகொண்டார். இத்தனை வலியை 'அழகிது' என்ற ஒரு சொல்லுக்குள் வைத்த பாட்டை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

அதற்கு அடுத்து அவர் சொன்ன சொல்தான் நம் மண்ணுக்கு உரியது. இறந்து கிடந்த அந்தப் பெயர் தெரியாத மனிதரை, தம் படையை எதிர்த்து நின்றவரை, மன்னர் என்ன சொல்லி அழைத்தார்? 'தார்தாங்கிக் கடன்முடித்த சடைதாங்குந் திருமுடியார்' என்றார். போர்மாலை சூடித் தம் கடமையை முடித்தவர், சடையைத் தாங்கிய திருமுடியை உடையவர் என்று பொருள். தலைவன் ஓடிய பிறகும் நின்றவர் அவர். தன்னை எதிர்த்தவன் தன் கடமையைச் செய்து முடித்தான் என்று வென்ற அரசன் வாயால் சொல்வது எளிதா? சொல்லிவிட்டு, இவருடைய சிரத்தைச் சுமந்து வரக் கண்டும் நான் 'பார்தாங்க இருந்தேனோ பழிதாங்கு வேன்' என்றார். உலகத்தைத் தாங்க இருந்தவன் பழியைத் தாங்கிவிட்டேன் என்று அழுதவர், புலம்பி விழுந்த அமைச்சர்களைத் தேற்றினார். மகனுக்கு முடிசூட்டும்படி ஆணையிட்டார். செந்தீ வளர்க்கச் செய்தார். திருநீறு பூசி, அந்தச் சடைத்தலையைப் பொற்கலத்தில் வைத்துத் தம் தலைமேல் ஏந்தி, ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டே தீயை வலம்வந்து அதனுள் புகுந்தார். 'பொழிற்கருவூர்த் துஞ்சிய புகழ்ச்சோழற் கடியேன்' என்று சுந்தரர் கைகூப்புவது அந்தச் சாவை நோக்கித்தான்.

முதல் நிகழ்ச்சியில் இறந்தவர்கள் எழுந்தார்கள். வாள் கழுத்தில் இறங்குமுன் வானத்திலிருந்து ஒலி எழுந்து தடுத்தது. இரண்டாவது நிகழ்ச்சியில் யாரும் எழவில்லை. மன்னர் தீயில் புகும்வரை ஒரு குரலும் வந்து தடுக்கவில்லை. அவரைத் திருவடி நீழலில் சேர்த்துக்கொண்ட இறைவன், குவிந்து கிடந்த தலைகளுக்கு உயிர் கொடுத்ததாகப் புராணம் சொல்லவில்லை. ஒரே மன்னர், ஒரே ஊர், ஒரே மனம். இருமுறையும் தம் ஆட்கள் செய்ததற்குத் தம்மையே குற்றவாளி ஆக்கிக்கொண்டார். முதல்முறை அவர் பிழைத்தது இறைவன் விளையாட்டு என்றால், இரண்டாம் முறை போரில் செத்தவர்கள் செத்தவர்களாகவே கிடந்ததை என்னென்று சொல்வது? சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். போர் என்றால் என்ன, கொண்டுவரப்பட்ட தலைகள் என்றால் என்ன என்பதைக் கேட்டறிந்தவர்தான் இதை எழுதியிருக்கிறார் என்று நான் நம்புகிறேன். தமக்குச் சோறிட்ட குடியின் வெற்றியை அவர் எவ்வளவோ புகழ்ந்து பாடியிருக்கலாம். அந்த வெற்றியின் நடுவில் ஒரு சடையை வைத்து, அதன்முன் சோழனைக் கைகூப்பி நிற்க வைத்திருக்கிறார்.

இப்போது அதிகனிடம் வருகிறேன். அதிகன், அதியன், அதிகைமான், அதியமான் என்று இலக்கியத்திலும் கல்வெட்டிலும் வழங்கும் பெயர் யாருடையது என்று தருமபுரியில் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த நெடுமான் அஞ்சியின் குடிப்பெயர் அது. 1981இல் ஜம்பையில் கண்டெடுத்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு 'சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று தொடங்கி அந்தக் குடியை அசோகன் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரரோடு சேர்த்துக் காட்டியது. நாமக்கல் மலையில் குடைந்த குடைவரைக்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர். சேக்கிழார் திருத்தொண்டர் புராணம் என்னும் பெரியபுராணத்தைப் பாடிய 12ஆம் நூற்றாண்டிலும், தருமபுரியின் பழம்பெயரான தகடூர்ப் பகுதியில் அதிகைமான்கள் சோழர்க்குக் கீழ்ப்பட்ட தலைவர்களாக இருந்தார்கள். ஆகவே தில்லையில் அரங்கேறிய அந்நூலில் 'அதிகன்' என்ற சொல்லைக் கேட்ட யாருக்கும் அது எந்தக் குடி என்பது விளங்காமல் இருந்திருக்காது. புராணத்து அதிகனின் மலையரண் எந்தக் குன்றின் மேல் இருந்தது என்று வழக்காட நான் வரவில்லை. அந்தக் குடியின் பெயரை அதியமான்கோட்டை என்று இன்றும் தன் ஊர்ப்பெயரில் சுமப்பது நம் மாவட்டம். அதியமானுக்குக் கோட்டமும் சிலையும் எடுத்துப் பெருமைப்படுகிறோம். அந்தக் குடியின் பெருமையை ஏற்கும் நாம் அந்தக் குடிக்காகச் செத்தவர்களையும் ஏற்கத்தான் வேண்டும். அப்படிச் செத்தவர்களில் ஒருவர்தான் அந்தச் சடைமுடியார்.

எங்கள் வாசிப்புக் குழுவில் இந்தப் புராணத்தை வாசித்த ஓர் இரவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிரதோஷந்தோறும் பன்னிரண்டு பேர் கூடுவோம். அன்று பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு பெரியவர் உறவினர் வீட்டுக்கு வந்தவர், எங்களோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். அவர் ஊரில் வேடியப்பனுக்குப் பூசை வைப்பவர். எழுதப் படிக்கப் பழகாதவர். நாங்கள் பாட்டைப் படித்துப் பொருள் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் பேசாமல் இருந்தார். மன்னர் தீயில் புகுந்த பாட்டு முடிந்து எல்லோரும் திருநீறு எடுத்துக்கொண்டிருந்தபோது, "தம்பி, அந்தச் சடைசாமிக்கு யாராச்சும் கல்லு நட்டாங்களா?" என்று கேட்டார்.

எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை. எத்தனையோ முறை இந்தப் பகுதியை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மன்னரையே பார்த்திருக்கிறேன். பெரியவருக்கோ முதலில் கண்ணில் பட்டது செத்தவர். அதில் வியப்பில்லை. நம் மாவட்டங்களின் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் நடுகற்களை நீங்கள் அறிவீர்கள். வில்லும் வாளும் ஏந்திய வீரன் உருவமும், இன்ன ஊர்மேல் தொறு, அதாவது மாட்டு மந்தை, கொண்டபோது தொறு மீட்டுப் பட்டான் என்ற வட்டெழுத்தும் பொறித்த கற்கள் அவை. பல ஊர்களில் எழுத்து தேய்ந்துவிட்டது, வீரன் பெயரும் போய்விட்டது. ஆனால் வேடியப்பன் என்று பெயரிட்டு மஞ்சள் பூசிப் பொங்கல் வைப்பது மட்டும் நிற்கவே இல்லை. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களின் முன்னால்கூடச் சிலர் காலணியைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். மாடு மீட்கப் போய்ச் செத்தவனை ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளாகச் சாமியாகக் கும்பிடும் மண் இது. அந்த மண்ணில் பிறந்த பெரியவருக்கு, போரில் பட்ட ஒரு மனிதருக்குக் கல் நட்டார்களா இல்லையா என்பது மிக முக்கியமான கேள்வி.

அன்று அவருக்கு நான் தடுமாறித்தான் பதில் சொன்னேன். "கல்லு நட்டதாகப் புராணத்தில் இல்லைங்க ஐயா. ஆனால் அந்தத் தலையைத் தன் தலைமேல வெச்சுக்கிட்டு ஒரு ராசா தீயில இறங்கினாரு" என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்த ராசாவைக் கும்பிடறப்ப இவரையும் சேத்துத்தான் கும்பிடணும்" என்றார். அதற்குப் பின் புகழ்ச்சோழரை வேறு விதமாக நினைக்க என்னால் முடியவில்லை. அவர் கையில் பொற்கலத்தோடு வரைந்த படத்தைப் பார்த்தால் கண் முதலில் கலத்துக்குத்தான் போகிறது.

பெயர் தெரியாத ஒருவருக்குச் சிவாலயத்தில் வழிபாடு உண்டா என்று யாரேனும் கேட்டால், அதற்கும் தொகையே விடை வைத்திருக்கிறது. தனியடியார்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பாடிய சுந்தரர், கூட்டமாகச் சுட்டப்படும் தொகையடியார்களையும் பாடி, 'அப்பாலும் அடிச்சார்ந்த அடியார்க்கும் அடியேன்' என்று எல்லையையே திறந்துவிட்டார். மூவேந்தர் தமிழ் வழங்கும் நாட்டுக்கு அப்பால் இறைவன் அடியைச் சார்ந்தவர்களும் இதில் அடங்குவர் என்று சேக்கிழார் அதற்குப் பொருள் விரிக்கிறார். மூவேந்தர்க்கும் நடுவே தனியே நின்று பெரும்பாலும் அவர்களோடு பொருதே வாழ்ந்த ஒரு குடியின் நாட்டில், பெயர் பதியாமல் போன ஒரு சடைமுடியாருக்கு அந்த வரியில் இடம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

எங்கள் வட்டத்திலேயே ஒருவர் மறுப்புச் சொன்னார். நம் ஊர் அரணை இடித்த படையின் அரசனுக்கு நம் ஊரில் குருபூசை எதற்கு என்பது அவர் கேள்வி. அவர் கேட்டதில் இருந்த மான உணர்வை நான் மதிக்கிறேன். அதனால்தான் புராணத்தை முழுதாக வாசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். சொற்பொழிவுகளில் இந்த வரலாறு பெரும்பாலும் அரைகுறையாகவே சொல்லப்படுகிறது. சிவசின்னத்தின்மேல் அரசர் வைத்த பக்தி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதிகன் வெறும் அடங்காத பகைவனாகிவிடுகிறான். அவனுக்காக நின்றவர்கள் குவியலாகிவிடுகிறார்கள். சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை. பகைவன் அரணிலும் அடியார் இருந்தார் என்பதுதான் மன்னரை வீழ்த்திய உண்மை. திறை கொடாதவன் நாட்டை அழி என்று ஆணையிட்டபோது அந்த மதிலுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று மன்னர் கேட்கவில்லை. தலையாக வந்தபோதுதான் பார்த்தார். வென்றவர் தோற்றவரிடம் இப்படிக் கைகூப்பிக் கண்ணீர் விட்ட இன்னொரு வரலாறு நம் குடிக்கு எங்கே இருக்கிறது? சோழனுக்குக் கருவூரும் உறையூரும் பூசை செய்வது அவர்கள் உரிமை. தகடூர் செய்யும் பூசைக்கு வேறொரு பொருள் உண்டு. நம்மிடம் பழி சுமந்து நின்ற ஒருவருடைய கண்ணீரை நாம் ஏற்றுக்கொண்டோம் என்பது அந்தப் பொருள்.

ஒன்றை மட்டும் வாசிப்பவர்கள் கவனமாகச் சொல்ல வேண்டும். அரசர் தீயில் புகுந்ததைச் சிறுபிள்ளைகள் கேட்கும் அவையில் சொல்லும்போது, அது அந்தக் காலத்து அரசர் ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தண்டனை என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். நாம் பின்பற்ற வேண்டியது பிறர்மேல் பழி போடாத அவருடைய நேர்மையை என்பதில் கேட்பவர் யாருக்கும் ஐயம் இருக்கக் கூடாது.

இன்னொரு செய்தியும் அதே நாளில் இருக்கிறது. மதுரையில் இறைவனுக்குச் சந்தனக்காப்பு அளித்து வந்து, நாட்டை ஆண்ட அரசன் சந்தனக்கட்டை கிடைக்காமல் செய்தபோது தம் முழங்கையையே தேய்த்த மூர்த்தி நாயனாருக்கும் குருபூசை ஆடிக் கார்த்திகைதான். அந்த அரசன் இறந்து நாடு ஆள்வோர் இன்றி இருந்தபோது பட்டத்து யானை அவரைத் தேர்ந்தது. பொன்முடி வேண்டாம், திருநீறே அபிடேகமாகவும் உருத்திராக்கமே அணிகலனாகவும் சடையே முடியாகவும் இருக்குமானால் ஆள்கிறேன் என்று சொல்லி மும்மையால் உலகாண்டவர் அவர். ஒருவர் சடையையே மணிமுடியாக வைத்து ஆண்டார். மற்றவர் மணிமுடி இருந்த இடத்தில் ஒரு சடையை ஏந்தி ஆட்சியை விட்டார். இருவருக்கும் ஒரே நாள் அமைந்திருப்பதை நினைத்தால் உடல் சிலிர்க்கிறது. இருவர் புராணத்தையும் ஒரே மாலையில் வாசித்துவிடலாம்.

இனி, கேட்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன். ஆடிக் கார்த்திகையன்று முருகன் சந்நிதியில் உள்ள கூட்டத்தைச் சிறிதும் இடைஞ்சல் செய்யாமல், மாலைப் பூசைக்குப் பின் அறுபத்துமூவர் மண்டபத்தைத் திறந்து புகழ்ச்சோழருக்கும் மூர்த்தியாருக்கும் திருமஞ்சனம் செய்து, ஒரு வேட்டியும் ஒரு மாலையும் சாத்தினால் போதும். அறுபத்துமூவர் திருமேனி இல்லாத கோயில்களில் ஒரு கலசமோ படமோ வைத்துச் செய்யலாம். தீர்த்தமலையிலும், ஓசூர் மலைமேல் சந்திரசூடேசுவரர் சந்நிதியிலும், தருமபுரிக் கோட்டைக் கோயிலிலும் ஓதுவார்களைக் கொண்டோ அடியார்களைக் கொண்டோ வாசிப்பு நடந்தால் இரண்டு மாவட்டத்து அடியார்களுக்கும் எட்டும் தொலைவில் இருக்கும். கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது நிருவாகத்துக்காகத்தான். தகடூர் நாட்டு நினைவுக்கு அந்த எல்லைக்கோடு தேவையில்லை. பெயர் உரிந்துபோன பீடங்களில் நாயன்மார் பெயர்களை மீண்டும் எழுத வேண்டும். கல்லில் பொறிக்கப் பொருள் இல்லாவிட்டால் சாயத்தால் எழுதினாலும் சரி. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலையை உழவாரப்பணிக் குழுக்களிடம் ஒப்படைத்துவிடுங்கள், அவர்கள் மறுக்கமாட்டார்கள்.

மற்றொன்றையும் பணிந்து கேட்கிறேன். புகழ்ச்சோழர் முன் ஏற்றும் விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய அகல் ஏற்ற அனுமதி தாருங்கள். அதற்குப் பெயர்ப்பலகை வேண்டாம், மந்திரமும் வேண்டாம். அது யாருக்கு என்று பென்னாகரத்துப் பெரியவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கட்டளை இல்லை என்ற காரணத்தால் இது நின்றுவிடக் கூடாது. முதல் ஆண்டின் செலவை எங்கள் வாசிப்புக் குழுவினரே பகிர்ந்து ஏற்கிறோம். உங்கள் அலுவலகத்தில் உபயச் சீட்டு எழுதிக் கொடுத்தால் முறைப்படி பணம் கட்டிவிடுகிறோம். எண்ணெய், திரி, அரளிச் சரம், வேட்டி, பொங்கல் பிரசாதம் எல்லாம் நாங்கள் கொண்டுவந்து சேர்க்கிறோம். மண்டபத்தைக் கூட்டிக் கழுவ முதல் நாளே வந்துவிடுகிறோம். அன்று மாலை ஆறு மணிக்கு அந்தக் கம்பிக் கதவின் சாவியோடு ஒருவர் வந்தால் போதும்.

திருச்சிற்றம்பலம்.

அடியார்க்கு அடியேன்,
தருமபுரியில் பிரதோஷந்தோறும் திருமுறை வாசிக்கும் குழுவிலிருந்து ஒருவன்